அரை வினாடியைக் கழித்து

இரண்டு புள்ளி எட்டு எட்டு. சண்முகவடிவு அந்த எண்ணை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன எழவு எண். கேள்வித்தாள் போடுகிறவர்கள் எவ்வளவு பொல்லாதவர்களாக இருந்தாலும் முடுக்கத்துக்கு இரண்டு வைப்பார்கள், நாலு வைப்பார்கள், போனால் போகிறதென்று இரண்டரை வைப்பார்கள், இப்படி எட்டு எட்டென்று வாலை நீட்டிவிட மாட்டார்கள். பன்னிரண்டரை மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் துணைத்தேர்வு, கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடியறை, ஆனி மாசத்துக் காற்று ஜன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது. அறையில் இருபது பேர். அதில் பத்தொன்பது பேருக்குப் பதினேழு பதினெட்டு வயது, இருபதாவது ஆள் நாற்பத்து மூன்று வயதுக்காரி, இவள்தான். காலையில் உள்ளே நுழைந்ததும் முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து நின்று "குட் மார்னிங் மிஸ்" என்று வேறு சொல்லித் தொலைத்தாள். இவள் பதிலுக்கு "உக்காரு தாயி" என்று சொல்லிவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே. சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் கொஞ்சம் பயம் குறைந்தது, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், பெருவிரல் பிசுபிசுவென்று ஒட்டியது. பாட்டிலில் கம்பெனித் தாள் கிழிந்துபோய் பசை மட்டும் மிச்சம். பரீட்சைக்குக் கொண்டுபோகிற பாட்டிலில் தாள் ஒட்டியிருக்கக் கூடாது, உள்பக்கம் பிட்டு எழுதிவிடுவார்களாம், அதனால் கேட்டிலேயே நிறுத்திக் கிழிக்கச் சொல்கிறார்கள். இவளை நிறுத்தவில்லை. போன தடவையும் நிறுத்தவில்லை. வீட்டில் கிடக்கிற பாட்டில்களில் ஏதோ ஒன்று, எப்போதோ தானாகக் கிழிந்திருக்கும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

கேள்வியை மறுபடி படித்தாள். 2 கிலோகிராம் நிறையுள்ள தள்ளுவண்டி ஒன்று ஓய்வுநிலையிலிருந்து புறப்பட்டு, மாறாத விசையால் 3 வினாடியில் 9 மீட்டர் தொலைவு செல்கிறது. அதன் முடுக்கம், அதன் மேல் செயல்பட்ட விசை, இறுதி உந்தம் ஆகியவற்றைக் காண்க; விசையின் கணத்தாக்கு உந்தமாற்றத்துக்குச் சமம் எனக் காட்டுக. ஐந்து மார்க். தள்ளுவண்டி என்றதுமே காலையில் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று, அட, நம்ம வண்டி. நாலு சக்கரமும் ஒரு கொக்கியும் வைத்த மரப்பலகை, அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து லேபில் மூன்றாவது அலமாரி, கீழ்த் தட்டு. இருபது வருஷமாக அந்த வண்டிக்குத் தேங்காயெண்ணெய் போடுகிறவள் அவள்தான். லேப் அட்டெண்டர் என்று பேர், வேலை என்னவோ தாய்க்காரி வேலை. காலையில் கதவைத் திறந்து தூசி தட்டி, தராசைத் தட்டுக் கோணாமல் நிறுத்தி, ஊசலுக்கு நூல் கட்டி, பிள்ளைகள் வந்ததும் எடுத்துக் கொடுத்து, போனதும் எண்ணி வாங்கி வைக்க வேண்டும். எது எந்த இடத்தில் மக்கர் பண்ணும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஆனால் போன வருஷத் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அட்டெண்டர் எல்லாரும் அடுத்த வருஷம் ஆவணிக்குள் அலுவலகத்துக்குக் கோப்பு தூக்கப் போக வேண்டும், பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் தேறினவர்கள் மட்டும் லேப் அசிஸ்டெண்டாக அங்கேயே இருக்கலாம். கோப்பு தூக்குவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்தச் சாவி. இடுப்பில் செருகியிருக்கிற அந்தப் பித்தளைச் சாவியை இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் மறந்து வைத்ததில்லை, இப்போதுகூட வயிற்றில் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. இந்தத் தடவையும் போனால் சாவியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது, அதற்குள் ஆவணி வந்துவிடும். அதை நினைத்ததும் இரண்டு புள்ளி எட்டு எட்டு இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது.

கேள்வியில் இருக்கிற வண்டி உராய்வு இல்லாத வண்டி. அதைத்தான் அவளால் முதலில் நம்பவே முடியவில்லை. உராய்வைப் புறக்கணி, காற்றுத் தடையைப் புறக்கணி, கயிற்றின் நிறையைப் புறக்கணி என்று புத்தகம் ஆளாளுக்குக் கட்டளை போடுகிறது. எல்லாத்தையும் புறக்கணிச்சுட்டா என்னடி மிஞ்சும் என்று ரஹ்மத் நிஷாவிடம் கேட்டாள், கணக்குக்கா, கணக்கு மட்டும் மிஞ்சும் என்று அவள் சொன்னாள். ரஹ்மத் நிஷா இவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, இப்போது பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். அவள்தான் வடிவுக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கூப்பிட்டு, எக்கா, மூணாம் பாடம் எடுங்க என்று மிரட்டுவாள். நல்லா இருப்பா. கெட்டிக்காரி, ஆனால் அவளே ஒரு கூத்துப் பண்ணினாள். இவர்கள் லேபில் இரண்டாம் நம்பர் ஸ்டாப்வாட்ச் என்று ஒன்று உண்டு, தலையைத் தட்டினால் முள் ஓடும் பழைய கடிகாரம். தட்டின உடனே முள் சடக்கென்று அரை வினாடி தாவிவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். மாற்றுக் கடிகாரம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு, வந்தபாடில்லை. அதனால் பெட்டி மூடியில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறது, அரை வினாடியைக் கழிக்கவும். எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள், வடிவுதான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கத்த வேண்டும், ஏ பிள்ள, அரையைக் கழிச்சியா, அரையைக் கழி. ரஹ்மத் நிஷா காலேஜுக்குப் போன முதல் மாசம், பளபளவென்று மின்னுகிற புதுக் கடிகாரத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள், இந்த மகராசி எல்லா அளவிலும் அரை அரையாகக் கழித்துத் தள்ளிவிட்டாள். ஏன்மா கழிச்ச என்று கேட்டதற்கு, எங்க வடிவக்கா கழிக்கச் சொல்லுவாங்க என்றாளாம். அவ்வளவு பேரும் சிரித்திருக்கிறார்கள். போனில் இதைக் கேட்டு வடிவு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உனக்கு அறிவு எங்கட்டி போச்சு, கை பாட்டுக்குச் செஞ்சா நீ பாத்துக்கிட்டா இருப்ப என்று திட்டவும் செய்தாள்.

சரி, அந்தச் சிரிப்பு இப்போது எதற்கு, கணக்கைப் பார். முடுக்கம் 2.88 என்றால் விசை அதன் இரண்டு மடங்கு, 5.76. எழுதியாயிற்று. அடுத்து இறுதித் திசைவேகம். இதற்கு ரஹ்மத் நிஷா ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறாள், பெரிய சமன்பாடெல்லாம் வேண்டாம்க்கா, ஓய்வுலேருந்து கிளம்புனா கடைசி வேகம் சராசரி வேகத்துல ரெட்டை, அவ்வளவுதான். ஒன்பது மீட்டர், மூன்று வினாடி, மும்மூணு ஒம்பது, சராசரி மூன்று, ரெட்டை ஆறு. உந்தம் இரண்டு பெருக்கல் ஆறு, பன்னிரண்டு. ஆகா, எவ்வளவு லட்சணமான எண். முகம் பார்த்தாலே நம்ம வீட்டுப் பிள்ளை என்று தெரிகிறது. கடைசியாகக் கணத்தாக்கு, விசையை நேரத்தால் பெருக்கினால் அதே பன்னிரண்டு வர வேண்டும். பெருக்கினாள். பதினாலு புள்ளி நாலு வந்தது. பேனாவை வைத்துவிட்டாள். பன்னிரண்டும் பதினாலு புள்ளி நாலும் சமம் எனக் காட்டுக. எங்கிட்டு காட்ட. இதென்ன சாட்சிக்கு வந்தவன் கதை மாதிரி ஒரு பக்கம் ஒன்று சொல்லுது மறுபக்கம் ஒன்று சொல்லுது. பெருக்கலைச் சரிபார்த்தாள். இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் ஆறே கால், சரி. ஒன்பதின் ரெட்டை பதினெட்டு, அதை ஆறே காலால் வகுத்தால் இரண்டு புள்ளி எட்டு எட்டு, சரி. ஐந்து புள்ளி ஏழு ஆறை இரண்டரையால் பெருக்கினால் பதினாலு புள்ளி நாலு, அதுவும் சரி. எல்லாம் சரி, மொத்தம் தப்பு. ஒருவேளை நியூட்டனே எங்கேயாவது... ச்சீ, வாயைக் கழுவு. நூறு நூற்றைம்பது பிள்ளைகள் வருஷா வருஷம் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறார்கள், ஒரு நாளும் நியூட்டன் ஏமாற்றினதில்லை, ஏமாற்றினதெல்லாம் பிள்ளைகள்தான், விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பின்னால் போடுகிறவர்கள். அடுத்த பெஞ்சுப் பையன் கூடுதல் தாள் வாங்கினான். அவன் தாளைப் புரட்டுகிற சத்தத்தில் இவள் தன் தாளைக் கையால் மூடிக்கொண்டாள்.

பரீட்சைக்கு உட்காருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை போன வருஷம் மார்ச், ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போனாள். இவள் சொல்லவில்லை, இவள் புருஷன் உலகநாதன் சொன்னார். அவர் தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிற இடத்தில் வேலை, பேசவே காசு கேட்கிற ஆள், அவர் போய் டீக்கடையில் எங்க வீட்டுல பரீட்சை எழுதப் போறா என்று சொல்லியிருக்கிறார் என்றால் எவ்வளவு பெருமை இருந்திருக்க வேண்டும். தேறவில்லை. பாடம் தெரியாமல் போனது ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அன்று கேட்டில் பாட்டில் தாளைக் கிழிக்கச் சொன்னதற்கே கை நடுங்கிக் கிழிக்க வராமல், வாட்ச்மேன் வாங்கிக் கிழித்துக் கொடுத்தார். அதைக்கூட விடாமல் சாயங்காலம் அவரிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் என்னாச்சு வடிவு, என்னாச்சு வடிவு என்று துக்கம் விசாரித்தார்கள். அதனால் இரண்டாம் தடவை மூச்சு விடவில்லை. லேபில் ஸ்டாக் சரிபார்க்கணும், மதியம் வந்துருவேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போய் எழுதினாள். நன்றாகத்தான் எழுதினாள், கணக்கெல்லாம் போட்டாள், மூன்று மார்க்கில் போயிற்று. எப்படிப் போனதென்று இன்றுவரை புரியவில்லை. முடிவு வந்த அன்று செல்போனைப் பார்த்துவிட்டு அடுப்படியில் மரமாக நின்றாள். அந்த மனுஷன் சாயங்காலம் வழக்கமில்லாத வழக்கமாகப் பூ வாங்கிக்கொண்டு வந்து, வா, புரோட்டா சாப்பிட்டு வருவோம் என்றார். என்ன விசேஷம் என்று எரிந்து விழுந்தாள். விசேஷம் இருந்தாத்தான் புரோட்டா திங்கணுமா என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பாவம், அவர் ஏதோ நல்ல மனநிலையில் வந்திருக்கிறார், இவள் அன்று புரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். இன்று காலையும் அதே ஸ்டாக், அதே பொய்.

இத்தனை பாடும் எதற்கு, சாவிக்காகவா, சாவிக்காகத்தான், ஆனால் சாவிக்கு முன்னாலேயே ஆரம்பித்தது இது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாற்ற ஆசாரியிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டைக் கடந்தாள். பாதி ரோட்டில் வலது பக்கம் பஸ். ஓடியிருக்கலாம், பின்னால் வந்திருக்கலாம், இரண்டும் செய்யாமல் வண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கிரீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் கருகின நாற்றம், கண்ணைத் திறந்தால் பஸ்ஸின் முன்தகரம் வண்டிச் சக்கரத்தை உரசிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சக்கரத்தில் இன்னும் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா என்று கத்தினார். அவ்வளவுதான், பஸ் போய்விட்டது. முகம் ஞாபகமில்லை, குரல் மட்டும் ஞாபகம். நன்றி சொல்லத் தோன்றவில்லை, கோபம்கூட வந்தது. லேபுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது பிளஸ் ஒன் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அதில் ரஹ்மத் நிஷா ஆறுதல் சொல்லவில்லை, கணக்குப் போட்டாள். பஸ் முப்பத்தாறு கிலோமீட்டர்ல வந்திருந்தா செகண்டுக்குப் பத்து மீட்டர்க்கா, டிரைவர் அரை செகண்டு தாமசமா பிரேக் மிதிச்சிருந்தா பஸ் இன்னும் அஞ்சு மீட்டர் வந்திருக்கும். அஞ்சு மீட்டர் என்றால் எவ்வளவு என்று இவள் கேட்டாள். அந்தப் பிள்ளை எழுந்து ஸ்டூலிலிருந்து கதவு வரைக்கும் நடந்து காட்டியது. அந்த நடையைப் பார்த்துத்தான் வடிவுக்கு அழுகை வந்தது. யாரோ ஒரு மனுஷன் காலையில் சாப்பிட்டானோ என்னவோ, தூங்கினானோ என்னவோ, அரை வினாடி முந்தி மிதித்தான், இவள் இருக்கிறாள். இது எப்படி நடக்கிறது, கனமான பஸ் எப்படி நிற்கிறது, எது பிடித்து நிறுத்துகிறது. உராய்வுக்கா என்றது அந்தப் பிள்ளை. அப்படித்தான் புத்தகத்தைத் தொட்டாள். அந்த உராய்வைப் போய்ப் புறக்கணி என்கிறார்களே.

"மிஸ், மணி ஒண்ணாயிருச்சா?" முன் பெஞ்சுப் பிள்ளை அலறினாள். வடிவுக்கும் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் தொங்கின கடிகாரம் ஒரு மணி காட்டியது, எங்கே போச்சு இவ்வளவு நேரம். கண்காணிப்பாளரான அந்த ஒல்லி டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பதறாதீங்க. அது அஞ்சு நிமிஷம் கூட ஓடும். அஞ்சைக் கழிச்சுக்கோங்க" என்றார். கழிச்சுக்கோங்க. வடிவு குனிந்து தாளைப் பார்த்தாள், மறுபடி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கழிச்சுக்கோங்க. அந்தக் குரல் அந்த டீச்சருடையது இல்லை, இவளுடையது. ஏ பிள்ள, அரையைக் கழிச்சியா, அரையைக் கழி. இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் ஆறே கால். ஏது இந்த இரண்டரை. கேள்வியில் விரலை வைத்துப் படித்தாள். மூன்று வினாடி. தாளில் மூன்று என்றுதான் அச்சடித்திருக்கிறது, கொட்டை எழுத்தில், யாருக்கும் தெரிகிற மாதிரி. மூன்றைப் படித்த கண் கைக்குச் சொல்லும்போது இரண்டரை என்று சொல்லியிருக்கிறது. இருபது வருஷமாக மேசை மேசையாகப் போய்க் கத்தின வாய், இன்று கையிடம் கத்தியிருக்கிறது. அடி பாவி. ரஹ்மத் நிஷாவைப் பார்த்து அறிவு எங்கட்டி போச்சு என்று சிரித்தவளே. கேள்வித்தாளில் இருக்கிற கடிகாரத்துக்கு என்ன நோய், அது புறக்கணிக்கப்பட்ட உலகத்துக் கடிகாரம், அதில் முள் தாவாது. சத்தமாகச் சிரித்துவிட்டாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒண்ணுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

நேரமில்லை, ஆனாலும் நெஞ்சு நிறைந்து போயிற்று, நிறைந்தால் நின்று பார்க்காமல் என்ன செய்வது. திசைவேகத்தில் மட்டும் எப்படித் தப்பித்தாள் என்று பார்த்தாள். மும்மூணு ஒம்பது. அது வாய்ப்பாடு, வாயில் வந்தது, கைக்கு வேலையில்லை. அந்தப் பிள்ளை சொன்ன குறுக்கு வழி மட்டும் இல்லாவிட்டால் அங்கேயும் இரண்டரையைப் போட்டு, உந்தமும் பதினாலு புள்ளி நாலு, கணத்தாக்கும் பதினாலு புள்ளி நாலு, சமம் எனக் காட்டப்பட்டது என்று அழகாகக் கோடு போட்டு முடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். முழுசாகத் தப்பாகப் போட்டிருந்தால் தப்பென்றே தெரிந்திருக்காது. போன தடவை அதுதான் நடந்திருக்கிறது, இப்போதல்லவா புரிகிறது அந்த மூன்று மார்க்கு எங்கே போயிற்றென்று. நீ நூறு வருஷம் இருப்ப ரஹ்மத்து. உனக்கு நான் அரை வினாடியைக் கழிக்கச் சொல்லித் தந்தேன், நீ எனக்கு அதைத் திருப்பித் தந்துட்ட. தப்பான விடைகளை ஒரே கோடாக அடித்து, மேற்கண்ட விடை என்னால் அடிக்கப்பட்டது என்று விதிப்படி எழுதினாள். மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. பதினெட்டை ஒன்பதால் வகுத்தால் இரண்டு. முடுக்கம் இரண்டு, வாடா ராசா, எங்கே இருந்த இத்தனை நேரம். விசை நாலு, நேரம் மூன்று, கணத்தாக்கு பன்னிரண்டு. உந்தம் பன்னிரண்டு. பன்னிரண்டும் பன்னிரண்டும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது, தாளில் சொட்டிவிடக் கூடாதென்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். பிறகு பரபரவென்று பின்பக்கம் புரட்டினாள். கிணற்றில் விழுந்த கல், இரண்டு வினாடி, ஆழம் பதினொன்றே கால் மீட்டர் என்று எழுதியிருக்கிறாள், எந்தக் கிணறு அளவெடுத்து வெட்டினது என்று அப்போது நினைத்ததும் ஞாபகம் வந்தது. அடித்தாள், இருபது மீட்டர். மூன்று வினாடியில் நின்ற கார், வேகக் குறைப்பு ஆறு என்று போட்டிருக்கிறாள், ஆறு லட்சணமான எண்தான், ஆளைப் பார்த்து ஏமாந்துவிட்டாள். அடித்தாள், ஐந்து. சுவரில் மோதின பந்து, பூஜ்யம் புள்ளி ஒன்று வினாடி, அதைப் பார்த்துவிட்டு மறுபடி சிரிப்பு வந்தது, அது மட்டும் சரியாக இருந்தது. பூஜ்யம் புள்ளி ஒன்றிலிருந்து அரையைக் கழிக்கக் கைக்கே வழி தெரியவில்லை. விரல் விட்டு மார்க்கை எண்ணினாள், கஞ்சத்தனமாகவே எண்ணினாள். போதும். போதும் என்பதற்கு மேல் நாலு மார்க்கு இருந்தது. மணி அடித்தது. தாளை வாங்க வந்த ஒல்லி டீச்சரிடம், "அந்தக் கடிகாரத்தை மாத்திராதீங்க டீச்சர்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

வெளியே வெயிலும் காற்றுமாக ரோடு பளீரென்று கிடந்தது. ரோட்டோரம் நின்று பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தாள், பெருவிரல் மறுபடி பசையில் ஒட்டியது. அவருக்கு போன் போட்டாள். இனிமேல் பொய்க்கு அவசியமில்லை, முடிவு எப்படி வந்தாலும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். உலகநாதன் எடுத்தார், பின்னால் தீப்பெட்டி ஆபீஸ் மிஷின் சத்தம். "ஏங்க, நான் ஸ்டாக் பாக்கப் போகலைங்க" என்றாள். "தெரியும்" என்றார். மிஷின் சத்தம் குறைந்தது, வெளியே நடந்து வந்திருப்பார் போல. "கணக்கு வந்துச்சா?" என்று கேட்டார். பெருவிரலைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் நகத்தால் சுரண்டின தடம் இருந்தது. "பாட்டில்ல தாளைக் கிழிச்சது நீங்களா?" "ஆமா. அந்தக் கேட்டுல உனக்குக் கை நடுங்கிச்சுன்னு மொத தடவ சொன்னேல்லா." "போன தடவையும்?" "போன தடவையுந்தான். ஹால் டிக்கெட்டப் பாத்தேன்ல" என்றார் அவர், ஏதோ உலைக்கு அரிசி போட்டேன் என்கிற மாதிரி. அப்படியென்றால் முடிவு வந்த அன்று பூவும் புரோட்டாவும் நல்ல மனநிலையில் வந்ததில்லை, தெரிந்து வந்தது. ஒரு வருஷமாகத் தெரிந்துகொண்டே, ஒரு வார்த்தை கேட்காமல், அவள் பொய் சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டு, வாசலில் அவள் செருப்பு மாட்டுவதற்குள் ஒரு பாட்டிலை நகத்தால் சுரண்டியிருக்கிறார். இந்த மனுஷனை ஒரு கணக்கிலும் சேர்க்காமல் எல்லாவற்றையும் புறக்கணித்துவிட்டுத்தான் இத்தனை நாள் போட்டுக்கொண்டிருந்தாள். "வந்துச்சுங்க," என்றாள் அழுதுகொண்டே, "எல்லாக் கணக்கும் வந்துச்சு. சாவியைக் குடுக்க வேண்டாம்." போனைக் காதில் வைத்தபடியே ரோட்டில் இறங்கிவிட்டாள். ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் கிரீச்சென்று நின்றது, நன்றாகத் தள்ளித்தான் நின்றது, உராய்வு இருக்கிறது உலகத்தில். டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?" அவர்தானோ, வேறு யாரோ, யாராயிருந்தால் என்ன. சண்முகவடிவு நடு ரோட்டில் நின்று, போனும் பாட்டிலுமாக இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"சொல்லிட்டேன் அண்ணாச்சி. இப்பத்தான் சொன்னேன்."